ஆடாத தண்ணீர்

போன மாதம் ஒரு காலை, ஜெனிபர் என்ற பெண் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ராஜபாளையத்தில் நான் முப்பத்துச் சொச்சம் வருடம் பாய்லர் பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் இப்போது அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. கையில் ஒரு நீள நோட்டு. அட்டை போய், ஓரமெல்லாம் கரி படிந்து, நடுவில் எண்ணெய்க் கறையோடு இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அது எந்த நோட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆபீஸ் பீரோவுக்கு அடியில கிடந்துச்சுங்கய்யா. முழுக்கப் படிச்சிட்டேன். பாய்லர் பார்க்கிற ஆளுகளுக்கு ஒரு புஸ்தகம் போடுறோம். இதுல உள்ளதை எல்லாம் அச்சடிக்கப் போறோம். உங்க கதையைத்தான் முதல்ல வைக்கணும்னு நினைச்சிருக்கேன்.”

“என் கதையா?”

“பம்பைப் போடாம எல்லாரையும் காப்பாத்தினீங்களே, அது. பேரு போடலைன்னாலும் அது நீங்கதான்னு பழைய ஆளுக சொன்னாங்க. படிச்சப்பப் புல்லரிச்சுப் போச்சுங்கய்யா.”

என் மனைவி கிரேஸ் காபி கொண்டுவந்து வைத்தாள். “அன்னைக்கு அவுக மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு உனக்குக் காபி தந்துக்கிட்டு இருக்க மாட்டேன் தாயி” என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குக் காபி உள்ளே இறங்கவில்லை.

அந்த நோட்டில் நான் எழுதிய பக்கத்தில் பாதி பொய். முப்பது வருடமாக அதை வெளியே சொன்னதில்லை. நோட்டு பீரோவுக்கு அடியில் கிடந்தவரைக்கும் ஒன்றும் இல்லை. இனி அதை அச்சடித்து, நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்கள் கையில் கொடுக்கப்போகிறார்கள். அவர்களும் நம்பிப் படிப்பார்கள். அடுத்த புதன்கிழமை கம்பெனிக்கு வந்து பேசவேண்டும், பிறகு விரிவாக எழுதியும் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு ஜெனிபர் போய்விட்டாள். பேசியாகிவிட்டது. இப்போது எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்தவன். முடித்தது இரண்டாம் தடவை. புத்தகம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். கம்பெனியில் பாய்லருக்கு விறகுக் கட்டை தள்ளும் வேலையில் சேர்ந்தேன். நாலு வருடம் அடுப்பு முன்னால் வெந்து, பிறகு இரண்டாம் கிளாஸ் பாய்லர் சர்டிபிகேட்டுக்குப் போய், கேட்ட கேள்விக்குப் பாதி தெரிந்தும் பாதி உளறியும் எப்படியோ வாங்கிவிட்டேன். பேண்டேஜ் துணியை வெளுக்கவும், கடைசியில் கிருமி போக அவிக்கவும் நீராவி வேண்டும். அந்த நீராவியைக் கொடுப்பது எங்கள் பாய்லர். பாய்லர் கூடத்துக்கு அடுத்தது மடிப்புக்கூடம். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணியை மடித்துப் பொட்டலம் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு செங்கல் சுவர். கல்யாணமான மறுவருடம் கிரேஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சுவரோரம் மூன்றாவது இடம் அவளுடையது.

எங்கள் ஃபோர்மேன் சாமுவேல் சார். அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான். காலை முதல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். ராஜபாளையம் வந்து சேரும்வரை தலை நிமிர மாட்டார். மடியில் ஒரு புத்தகம், காதிடுக்கில் பென்சில். பக்கத்தில் உட்கார்ந்தால் நம்மிடம் பேச மாட்டார் என்பதால் நான் பின்னால் போய்விடுவேன். கோபம் வந்தாலும் சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் ஆளாளுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருந்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்துபோனதால் அதற்குப் பெயரே தெரியாது. உள்ளே எங்கெங்கோ குளிர் நாடுகளில் வெடித்த பாய்லர்களின் விசாரணைகள். யார் டூட்டியில் இருந்தான், எத்தனை மணிக்கு என்ன செய்தான், யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்று ஒவ்வொன்றும் விவரமாக இருக்கும். அதைத்தான் சாமுவேல் சார் பஸ்ஸில் உட்கார்ந்து தமிழில் எழுதினார். எழுதியது இந்த நீள நோட்டில்.

எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? இல்லை. சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது, பாய்லருக்கு ஓர் ஆளை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கவைப்பார். கையில் டீ. ஒருவன் நோட்டை வாசிக்கவேண்டும். தப்பு நடக்கிற இடத்துக்கு முந்தின வரியில் விரலை வைத்து நிறுத்திவிடுவார்.

“இப்பம் அந்த எடத்துல நீ நிக்கே. என்ன செய்வ?”

ஒவ்வொருவனும் பதில் சொல்லவேண்டும். பெரும்பாலும் நாங்கள் சொல்வதும் அந்தச் செத்துப்போன ஆள் செய்ததும் ஒன்றாகவே இருக்கும். பிறகுதான் மீதியை வாசிக்கவிடுவார். ஒரு தடவை நான் வாய் கொழுத்து, “கிறுக்குப் பய, இதுகூடத் தெரியாமயா வேலைக்கு வந்தான்” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கண்ணாடி கழன்றது.

“ஏலே தாசா, முதல்ல இருந்து வாசி.”

வாசித்தேன்.

“அவனுக்கு எம்புட்டு வருசம் சர்வீஸ்னு போட்டிருக்கு?”

“பதினெட்டு வருசம் சார்.”

“உனக்கு?”

விட்ட இடத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். நோட்டில் வருகிற ஒவ்வொருவருக்கும் எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவர் விடாமல் எழுதி வைத்திருப்பார். அதை வாசிக்காமல் தாண்டினால் திரும்ப வாசிக்கச் சொல்வார். பிறகு ராஜபாளையம் பக்கத்துக் கம்பெனிகளில் பாய்லர் பார்க்கிறவர்களையும் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதையும் நோட்டில் சேர்த்தார். ஊர்க்காரர்கள் விஷயம் என்றால் பெயர் போடமாட்டார், கம்பெனியும் போடமாட்டார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். “பேரைப் போட்டா எவன்லே நிசத்தைச் சொல்லுவான்? கை என்ன செஞ்சதுங்கிறது மட்டும் போதும்” என்றார்.

இனி கேஜ் கிளாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். இது புரியாவிட்டால் மீதியும் புரியாது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் செங்குத்தாகப் பொருத்தியிருக்கும். மேல்முனையில் ஒரு வால்வு, அது நீராவிக்கு. கீழ்முனையில் ஒரு வால்வு, அது தண்ணீருக்கு. அடியில் டிரெயின் வால்வு. உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் குழாயில் தெரியும். ராஜபாளையத்துத் தண்ணீர் உப்பு கொஞ்சம் கூடுதல். கீழ்வழியில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் குழாய்க்கும் பாய்லருக்கும் தொடர்பு அறுந்துவிடும். உள்ளே தண்ணீர் வற்றினாலும் குழாயில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். போதாததற்கு மேலே இருந்து வரும் நீராவி குளிர்ந்து குழாய்க்குள் சொட்டி, மட்டத்தைத் தூக்கிக் காட்டும். நாமும் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம்.

அதனால் ஷிப்டு ஏறியதும் ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளாஸை ஊதிப் பார்க்கவேண்டும். டிரெயினைத் திற. கீழ் வால்வை மூடு, நீராவி சீறினால் மேல்வழி சுத்தம். மேல் வால்வை மூடிக் கீழ் வால்வைத் திற, தண்ணீர் பீய்ச்சினால் கீழ்வழி சுத்தம். பிறகு டிரெயினை மூடி இரண்டையும் திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறி மட்டத்துக்கு வரவேண்டும். செய்து முடித்து லாக் புக்கில் மணியைப் போட்டு ‘ஊதியாயிற்று, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மொத்தம் இரண்டு நிமிட வேலை.

இதற்குள் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. புத்தகம் என்றால் கொட்டாவி விட்டவன், சாமுவேல் சாரின் நோட்டுக்கு அடிமையாகிவிட்டேன். சனிக்கிழமைவரை காத்திருக்க முடியவில்லை. அவரிடம் கேட்டு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டூட்டி நேரத்திலேயே படிப்பேன். யாரோ ஒருவன் முகம் தெரியாத ஊரில் நிற்கிறான், நானும் அவன் பக்கத்தில் நிற்கிறேன். நான் படிக்கிறதைப் பார்த்துச் சாமுவேல் சாருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஒன்றும் சொல்லமாட்டார்.

சித்திரை மாதம். காலை ஷிப்டு. சாமுவேல் சார் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்தார். நான் ஆறு மணிக்கு ஏறினேன். கிளாஸ் இரண்டு உண்டு. அதில் ஒன்று அடியில் ஒழுகிச் சுடுதண்ணீர் தெறித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் நோட்டின்மேல் தெறித்தது என்று எழுதினால் இன்னும் சரி. அந்தக் கிளாஸின் வால்வுகளை மூடிவிட்டேன். ஒன்று போதாதா என்று நினைத்தேன். மற்ற கிளாஸையும் ஊதவில்லை. முந்தின ஷிப்டுக்காரன் ஊதியிருப்பான், எட்டு மணிக்கு ஊதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி வந்தபோது நோட்டில் சுவாரஸ்யமான இடம். லாக் புக்கை எடுத்து ஆறு, எட்டு, பத்து என்று மூன்று மணியையும் வரிசையாகப் போட்டு, மூன்றுக்கும் ‘ஊதியாயிற்று, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு எழுந்தது கட்டை தள்ளுகிறவனைச் சத்தம் போட மட்டும்தான்.

நான் படித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? கேஜ் கிளாஸை ஊதாமல் விட்ட ஒருவனுடைய கதை. இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது. ஊரான் செய்த தப்பை வரிக்கு வரி ரசித்துப் படித்துக்கொண்டே அதே தப்பை நான் செய்துகொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். விசாரணையில் அந்த ஆளுடைய கூட்டாளி சொன்ன சாட்சியம் வந்தது. ‘அன்று காலை முழுவதும் குழாயில் தண்ணீர் ஆடவே இல்லை, பாட்டிலில் ஊற்றி வைத்ததுபோல் நின்றது’ என்று இருந்தது. ஓடுகிற பாய்லரில் கிளாஸ் மட்டம் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கி எங்கள் கிளாஸைப் பார்த்தேன்.

தண்ணீர் ஆடவில்லை.

ஸ்டூல் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்தேன். அப்போதுதான் உறைத்தது, எட்டு மணிக்குப் பிறகு நான் தண்ணீர்ப் பம்பையே போடவில்லை. மட்டம் குறையாததால் போடவில்லை. ஆனால் நீராவி மட்டும் மூன்றரை மணி நேரமாகப் போய்க்கொண்டே இருந்தது. டிரெயினைத் திறந்தேன். மேல் வால்வை மூடிக் கீழ் வால்வைத் திறந்தேன். பீய்ச்சவேண்டிய இடத்தில் நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. ஒழுகுகிறதென்று மூடி வைத்த மற்ற கிளாஸைத் திறந்தேன். அதன் கீழ்வழியில் தண்ணீர் வரவே இல்லை. நீராவி சீறியது. தண்ணீர் இருக்கவேண்டிய மட்டத்தில் தண்ணீர் இல்லை.

என் கை தானாகப் பம்பு சுவிட்சுக்குப் போனது. தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடவேண்டும், இதற்கு யோசனை எதற்கு? விரல் சுவிட்சின்மேல் இருந்தது. அந்த நேரத்தில் நோட்டில் படித்த அந்த ஆள் குறுக்கே வந்து நின்றான். அவனும் இதைத்தான் செய்தான். சிவக்கக் காய்ந்த இரும்பின்மேல் பச்சைத் தண்ணீர் பட்டதும் மொத்தமும் ஒரே வீச்சில் ஆவியாகி, பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

கையை எடுத்துவிட்டேன். அடுப்புக்குக் காற்று போகும் டாம்பர் தகட்டை அடைத்தேன். “கட்டை போடாதேலே! சாம்பலை அள்ளி அடுப்புல போடு!” என்று கத்தினேன். பிறகு மடிப்புக்கூடத்துக்குள் ஓடினேன். “எல்லாரும் வெளிய போங்க! கேட்டுக்கு வெளிய!” கிரேஸ் எழுந்து, “என்னங்க?” என்று கேட்டாள். ஏழு மாதம் அவளுக்கு அப்போது. “ஏட்டி, கேள்வி கேக்காம போ!” என்று அவளைப் பிடித்துத் தள்ளியே விட்டேன்.

திரும்பி வந்தால் வெளுப்புப் பிரிவு சூப்பர்வைசர் ரெங்கராஜா சுவிட்ச் பக்கம் நிற்கிறார். நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும்.

“ஏமிரா இது? பிரஷர் இறங்குது, துணி எல்லாம் பாதியில கிடக்கு. தண்ணி இல்லைன்னா பம்பைப் போட வேண்டியதுதானே!”

“போடக்கூடாது சார்.”

“நீ எனக்குச் சொல்றியா? தள்ளு!”

நான் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் கட்டையைப் புடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பியூஸ் கட்டையைத்தான். “செத்த நேரம் இருங்க சார். பொறவு என்னைய வேலையை விட்டுக்கூட அனுப்புங்க. இப்பம் வெளிய வாங்க” என்று அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கேட்டுக்கு வெளியே எல்லோரும் வெயிலில் நின்றோம். கிரேஸ் வேப்பமரத்து அடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பாய்லர் தானாக அடங்கியது.

மறுநாள் ஆறிய பிறகு சாமுவேல் சார் அடுப்புக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்தார். நெருப்புக்கு நேர்மேலே ஈயம் ஊற்றிய ஒரு பிளக் இருக்கும். தண்ணீர் வற்றினால் அந்த ஈயம் உருகி, நீராவி இறங்கி அடுப்பை அணைக்கவேண்டும். ஈயம் கசியத் தொடங்கியிருந்தது. வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் கரி. அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். மானேஜர் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் துண்டு போர்த்தினார். ரெங்கராஜா வீட்டில் இருந்து ஒரு தூக்கு நிறைய அதிரசம் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர்வரைக்கும் விஷயம் பரவி, உட்கார இடம் தந்தார்கள். எனக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

ஒரு வாரம் கழித்துச் சாமுவேல் சார் நோட்டை என்னிடம் நீட்டினார். “இதை நீயே எழுதுலே. உன் கையால எழுது.”

இரண்டு நாள் வைத்திருந்து எழுதினேன். ஆறு மணிக்கு ஊதினேன், சரியாக இருந்தது. எட்டு மணிக்கு ஊதினேன், சரியாக இருந்தது. பத்து மணிக்கும் சரியாக இருந்தது. பதினொன்றரை மணிக்குத் திடீரென்று அடைத்துக்கொண்டது, நான் கண்டுபிடித்துப் பம்பைப் போடாமல் நிறுத்தினேன். லாக் புக்கும் அப்படித்தானே சொல்கிறது. இரண்டாவது கிளாஸ் ரிப்பேர் என்று ஒரே வரி. பெயரே போடாத நோட்டில் பொய் எழுத என்ன அவசியம் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் முன்னால் துண்டு போர்த்தப்பட்ட ஆளின் கதை அது என்று எல்லோருக்கும் தெரியும். கிரேஸுக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் கதை படித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சாமுவேல் சார் என் எதிரிலேயே படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பத்து மணிக்கு ஊதினப்பம் தண்ணி திரும்பி வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“சட்டுன்னு வந்துச்சா?”

“சட்டுன்னு வந்துச்சு சார்.”

“சரி” என்றார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் அந்த அளவுக்கு உப்பு படியாது. அது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகும் சனிக்கிழமை வாசிப்பு நடந்தது. எல்லா விசாரணையும் திரும்பத் திரும்ப வந்தது. என் பக்கத்தை மட்டும் அவர் ஒருநாளும் வாசிக்கச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் “தாசண்ணன் கதையை வாசிப்போம் சார்” என்று கேட்டால், “அது இருக்கட்டும்” என்பார். முதலில் அப்பாடா என்று இருந்தது. போகப்போக அது என்னை அரித்தது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை, முன்போலவே அன்பாகத்தான் இருந்தார். அந்த நாளில் இருந்து என் கிளாஸை நான் ஒரு தடவைகூட ஊதாமல் விட்டதில்லை. அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் என் பக்கம் வாசிக்கப்படவில்லை.

அவர் ஓய்வுபெற்றுச் சில வருடத்தில் படுக்கையில் விழுந்தார். போய்ப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, மகள்தான் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள் என்றார். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். பால்கோவாப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கண்மாய் நிறைந்ததையும் மழை நன்றாகப் பெய்ததையும் பேசிவிட்டு வந்தேன். அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் நின்று அழுதேன். பாசத்தால் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

இத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு ஜெனிபர் முன்னால் உட்கார்ந்திருந்தால் காபி எப்படி இறங்கும்? புதன்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் கிரேஸிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டூல், நோட்டு, மூன்று கையெழுத்து எல்லாம்.

கை நின்றுவிட்டது. கீரையைத் தள்ளி வைத்தாள்.

“வயித்துல மூத்தவன் இருந்தான்.”

“ஆமா.”

“அதிரசத்தை நானும்லா தின்னேன்” என்றாள். பிறகு கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. “இம்புட்டு வருசமா எங்கிட்டச் சொல்லத் தோணலையா உங்களுக்கு? ஊருக்கெல்லாம் நான்லா வாய் வலிக்கப் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்!” எழுந்து உள்ளே போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் சேலை மாற்றியிருந்தாள். “நானும் வாரேன். அங்கனயும் இதையே சொல்லணும். பாதியை முழுங்கினீகன்னா வீட்டுப் பக்கம் வராதீக.”

இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும் நேரத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். இப்போது புது பாய்லர். தண்ணீர் குறைந்தால் பம்பு தானாக ஓடும், அலாரம் அடிக்கும், அடுப்பே அணைந்துவிடும். “எல்லாம் ஆட்டோமேட்டிக்குங்கய்யா” என்று ஒருவன் சொன்னான். “கிளாஸ் இருக்கா இல்லியா?” என்று கேட்டேன். இருக்கிறதாம். தண்ணீர் குறைந்ததை உணர்ந்து அலாரம் அடிக்கவைக்கும் மிதவை அறையையும் கிளாஸையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊதி லாக் புக்கில் எழுதவேண்டுமாம். எங்கள் காலத்தில் எழுதிய அதே வரிதான்.

ஜெனிபர் நோட்டை என்னிடம் கொடுத்தாள். என் பக்கத்தை வாசித்தேன். ‘ஆறு மணிக்கு ஊதினேன், சரியாக இருந்தது’ என்ற வரி வந்ததும் நிறுத்தினேன். “இது பொய்” என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், கிழவன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள். பிறகு முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கிரேஸ் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெனிபர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டாள். அவளுடைய முதல் கதை அவள் கண்முன்னாலேயே கெட்டுப்போயிற்று.

இரண்டாவது வரிசையில் ஒருவன் எழுந்தான். காலை ஷிப்டு முடித்தவன், பெயர் முத்துக்குமார். முப்பது வயது இருக்கும், சட்டைப்பையில் பிள்ளையின் போட்டோ வைத்த செல்போன்.

“ஐயா, இன்னைக்கு ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு நாலையும் நான் ஒண்ணாத்தான் எழுதினேன். கிளாஸைத் தொடவே இல்ல” என்றான். “இந்த வாரம் பூராவும் அப்படித்தான்.”

ஜெனிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். “பாய்லர் எங்கிட்டு இருக்கு? வா போவோம்” என்றேன். எல்லோரும் எழுந்து வந்தார்கள். முத்துக்குமார்தான் ஊதினான். முதலில் மிதவை அறை. அடுப்பு அணைந்து அலாரம் அடித்தது. பிறகு கிளாஸ். மேல்வழி சீறியது. கீழ்வழியில் தண்ணீர் கொஞ்சம் தயங்கி, செம்மண் நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. டிரெயினை மூடியதும் மட்டம் ஏறி நின்று நடுங்கியது. அவன் லாக் புக்கை எடுத்து, காலையில் எழுதிய நாலு வரியையும் ஒவ்வொன்றாக அடித்தான். அடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பிறகு என்னிடம் வந்தான்.

“ஐயா, அந்த நோட்டுல எனக்கு ஒரு பக்கம் தருவீகளா?”

ஜெனிபர் பேனாவைக் கொடுத்தாள். அவன் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தான். வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“எப்படிங்கய்யா ஆரம்பிக்கணும்?”

“முதல்ல மணியைப் போடு” என்றேன். “பொறவு, செய்யாததை எழுது.”